பார்வை மான்

சென்ற மாதக் கடைசி ஞாயிறன்று ஆரப்பாளையத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். ஒருவர் தாம் எழுதிய சிறுகதை ஒன்றைப் படித்தார். ஆறு வயதுப் பையனை அவன் தகப்பன் முதன்முதலாக மான் வேட்டைக்குக் கூட்டிப் போகிறான். மான் விழுகிறது. பையன் அதன் கண்ணைப் பார்க்கிறான், அழுகிறான். ராத்திரி கறிச்சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறான். தகப்பன் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கதை முடிந்துவிடுகிறது.

எல்லோருக்கும் பிடித்திருந்தது. குழந்தையின் பார்வையில் சொல்லப்பட்டிருப்பது கதையின் பலம் என்றார் ஒருவர். கருணை உபதேசமாக இல்லாமல் அனுபவமாக வந்திருக்கிறது என்றார் இன்னொருவர். வழக்கமாக நான்தான் முதலில் குறை சொல்லத் தொடங்குகிறவன். அன்று வாயைத் திறக்கவில்லை. கூட்டம் கலைந்து நண்பர்கள் பஸ் நிலையத்துப் பக்கம் டீ குடிக்கப் போன பிறகும் ஒன்றும் பேசவில்லை. காரணம் எளிது. இதே கதையை நானும் எழுதியிருக்கிறேன். பதினைந்து வருஷங்களுக்கு முன்பு, கல்லூரியை விட்டு வெளியே வந்த புதிதில், நான்கே இதழ்களோடு நின்றுபோன ஒரு பத்திரிகையில் அது வெளிவந்தது. அதிலும் பையன் அழுதான். அதிலும் கறியைத் தொடவில்லை. அந்தக் கதை பொய். எந்த இடத்தில் பொய் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் நியாயம்.

2

அம்மாவின் ஊர் வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தில். எனக்கு ஏழு வயது. சிவராத்திரிக்குப் போயிருந்தோம். மதுரை, திண்டுக்கல், சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் சிவராத்திரியை ஒட்டி ஆண்கள் கூட்டமாகக் காட்டுக்குள் இறங்குவது பழைய வழக்கம். பாரிவேட்டை என்பார்கள். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அன்றைக்கும் குற்றம்தான், பெரியவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. "மாப்ள, மான் வேட்டைக்கு வாரியா?" என்று மாமா கேட்டார். தாத்தாவின் காலத்து மான்தோல் ஒன்று, முடியெல்லாம் உதிர்ந்து, அந்த வீட்டுப் பரணில் கிடந்தது. எனக்குத் தெரிந்த மான் அதுதான்.

விடியுமுன் கிளம்பினோம். கையில் தடிகள், முன்னால் நாய்கள். உடைமரமும் கள்ளியும் மண்டிய கரடு. மான் வரவில்லை. அந்தக் காட்டில் மான் வந்து எத்தனை வருஷங்களாயிற்றோ. புதர் ஒன்றிலிருந்து முயல் பாய்ந்தது. கூச்சல். நானும் கத்தினேன். ஓடினேன். செருப்பு ஒன்று கழன்று போயிற்று, அதையும் விட்டுவிட்டு ஓடினேன். நாய் கவ்விய முயலை மாமா பிடுங்கி, கழுத்தைத் திருகி, என் கையில் கொடுத்தார். "கெட்டியாப் புடிடா. காதப் புடி." பிடித்தேன். சிரித்தேன் என்று பிற்பாடு மாமா சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஊர் வரைக்கும் நானே தூக்கி வந்தேன். தெருவில் எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காக மெதுவாக நடந்தேன். ராத்திரி சாப்பிட்டேன். இன்னொரு துண்டு கேட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தலாக இன்றைக்கும் நிற்கிறது. எடுத்துக்கொண்டபோது காது சூடாக, துணி மாதிரி இருந்தது. கண்மாய்க்கரை ஏறும்போது அது விறைத்துவிட்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது. கையை மாற்றிக்கொண்டேன். அவ்வளவுதான். துக்கம் இல்லை, பயம் இல்லை. வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்து முடித்த கையோடு இதைக் கதையாக்க உட்கார்ந்தபோது நான் செய்தது இரண்டு காரியங்கள். முயலை மானாக்கினேன், மானுக்குப் பெரிய கண்கள் உண்டு, இலக்கியத்தில் அதற்கு ஏற்கனவே இடம் போட்டு வைத்திருக்கிறது. சிரித்த பையனை அழவைத்தேன். கை மாற்றிக்கொண்டதைப் பற்றி ஒரு வரி எழுதி, கதைக்கு ஒட்டவில்லை என்று அடித்துவிட்டேன். அது ஒட்டாதுதான். உண்மை நுழைந்தால் அந்தக் கதை நின்றிருக்காது.

3

சங்கப் பாடல்களில் 'பார்வை' என்ற சொல்லுக்கு ஒரு பழைய பொருள் உண்டு. காட்டு விலங்கைப் பிடிப்பதற்காக வேட்டுவன் பழக்கி வைத்திருக்கும் விலங்குக்குப் பார்வை என்று பெயர். பார்வை மானைக் காட்டி மானைப் பிடிப்பார்கள். தன் இனம் என்று நம்பி நெருங்கும் மிருகம் வலைக்குள் விழும்.

நம்முடைய கதைகளில் வரும் 'குழந்தையின் பார்வை'யில் பெரும்பங்கு இந்தப் பழைய பொருளில்தான் பார்வை. பழக்கி, கட்டிப்போட்டு, வாசகன் வரும் தடத்தில் நிறுத்தப்பட்ட குழந்தை. வாசகன் தன் பால்யம் என்று நம்பி அருகே வருகிறான், பிடிபடுகிறான். அந்தக் குழந்தை ஒன்றையும் பார்ப்பதில்லை. ஆசிரியர் முப்பது வயதில் அடைந்த ஒரு கருத்தை ஆறு வயதின் கண்ணீராக மாற்றிக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. கண்ணீரோடு யார் தர்க்கம் செய்வது?

இதில் பலர் ஒரே சமயத்தில் தப்பித்துக்கொள்கிறார்கள். எழுதியவர் தப்பிக்கிறார்: கொலை தகப்பனுடையது, கண்ணீர் என்னுடையது. படிக்கிறவன் தப்பிக்கிறான்: ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வரிசையில் நின்றுவிட்டு மத்தியானம் இந்தக் கதையைப் படித்துக் கலங்கலாம்; இரண்டும் இரண்டு அறைகளில் பத்திரமாக இருக்கும். மாட்டிக்கொள்கிறவன் ஒருவன்தான், தகப்பன். அவனுக்குக் கதையில் முகம் கிடையாது. முரட்டுக் கை, பீடி நாற்றம், கடைசியில் திண்ணையில் ஒரு மௌனம். என் மாமாவைப் போன்ற ஒரு மனிதனைப் பற்றி, அவன் தன் மருமகனுக்குத் தன்னிடமிருந்த மிகச் சிறந்த ஒன்றைக் கொடுக்க விரும்பினான் என்பதைப் பற்றி, அழுகிற பையன் நமக்கு எதுவும் சொல்லமாட்டான்.

இந்தக் கண்ணீர் நம் ஊர்ச் சரக்கும் அல்ல. ஃபெலிக்ஸ் ஸால்டன் 'பாம்பி' என்ற நாவலை 1923இல் எழுதினார். மான்குட்டியின் கதை. டிஸ்னி அதைப் படமாக எடுத்து 1942இல் வெளியிட்ட பிறகு, துப்பாக்கிச் சத்தத்தில் தாயை இழந்த அந்தக் குட்டிக்காக உலகத்துக் குழந்தைகள் எல்லாம் அழுதாயிற்று. ஆனால் ஸால்டன் தாமே ஒரு வேட்டைக்காரர். அவருடைய நாவலில் படத்தில் இல்லாத ஒரு கட்டம் உண்டு. கிழட்டுக் கலைமான் பாம்பியை அழைத்துப் போய்ச் செத்துக் கிடக்கும் ஒரு மனிதனைக் காட்டுகிறது. மிருகங்கள் கடவுள் மாதிரி நினைத்து நடுங்கிக்கொண்டிருந்த மனிதன் தங்களைப் போலவே சாகிறவன்தான் என்று அது கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பாடத்தில் கண்ணீருக்கு இடமில்லை. வேட்டையை உள்ளிருந்து அறிந்தவர் எழுதியது அது. படத்தில் மனிதன் கண்ணில் படுவதே இல்லை. வெளியே எங்கேயோ இருக்கும் ஒரு தீமையாக அவன் மாறிவிட்டதால், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் தன்னை அவனாக அடையாளம் காண வேண்டிய சங்கடம் நீங்கிவிட்டது.

4

அதே 1942இல் ஃபாக்னரின் 'கோ டௌன், மோஸஸ்' வெளிவந்தது. அதில் 'தி ஓல்டு பீப்பிள்' என்ற பகுதி சிறுவன் ஒருவனின் முதல் மானைப் பற்றியது. ஐஸக் மெக்காஸ்லினுக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்குக் காட்டைக் கற்றுத் தருபவர் ஸாம் ஃபாதர்ஸ்; சிக்கஸா இந்தியத் தலைவன் ஒருவனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். பையன் மானைச் சுட்டு வீழ்த்தியதும் அவர் அதன் ரத்தத்தைத் தொட்டு அவன் முகத்தில் பூசுகிறார். பையன் அழுவதில்லை. அருவருப்படைவதும் இல்லை. அந்த உயிருக்குத் தகுதியானவனாக இனி வாழ வேண்டும் என்ற ஒரு பாரம் அவன்மேல் இறங்குகிறது. அன்றைக்கே பிறகு ஒரு பெரிய கலைமான் அவர்களைக் கடந்து போகிறது. ஸாம் கையை உயர்த்தி அதைப் பாட்டனார் என்று விளித்து வணங்குகிறார். யாரும் சுடுவதில்லை.

கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: ஒரு சடங்கின் கம்பீரம். வங்கி வேலைக்கு வந்த பிறகுதான் புத்தகத்தின் மறுபாதி திறந்தது. நான் சேர்ந்தபோது எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டிருந்தது. ஆனாலும் பழைய பேரேடுகளைக் கட்டிப் போட்டிருந்த அறைக்கு ஒருமுறை ஏதோ ஒரு கணக்கைத் தேடி அனுப்பினார்கள். அரை நாள் தூசிக்குள் உட்கார்ந்து, செத்துப்போன குமாஸ்தாக்களின் கையெழுத்தில் செத்துப்போனவர்களின் கடன்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது 'தி பேர்' பகுதியின் நாலாம் அத்தியாயம் நினைவுக்கு வந்தது.

அங்கே ஐஸக் குடும்பத்தின் பழைய பேரேடுகளைப் படிக்கிறான். அடிமைகளை வாங்கியது, பிறந்தது, செத்தது, எல்லாம் பற்று வரவாக இருக்கிறது. அவனுடைய தகப்பனும் சித்தப்பனும் மாறி மாறி எழுதிய வறண்ட குறிப்புகள். யூனிஸ் என்ற அடிமைப்பெண் 1832இல் தண்ணீரில் மூழ்கிச் செத்தாள் என்று ஒரு பதிவு. அடுத்த வருஷம் அவள் மகள் டாமி பிரசவத்தில் சாகிறாள், குழந்தை பிழைக்கிறது. அந்தக் குழந்தைக்கு ஆயிரம் டாலர் கொடுக்கும்படி பாட்டன் உயில் எழுதி வைத்திருக்கிறான். ஏன்? வேட்டையில் தடம் பார்க்கப் பழகிய கண்ணோடு பையன் அந்த வரிகளைத் தொடர்ந்து போகிறான். டாமி பாட்டனுக்கே பிறந்தவள். அவள் குழந்தையும் பாட்டனுக்கே பிறந்தது. யூனிஸ் தண்ணீரில் இறங்கியதன் காரணம் அது.

இப்போது புத்தகத்தின் முதல் பகுதிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 'வாஸ்' என்று பெயர். விழுந்து விழுந்து சிரிக்கலாம். அதிலும் ஒரு குழந்தையை வேட்டைக்குக் கூட்டிப் போகிறார்கள். ஒன்பது வயதுப் பையன். குதிரை, நாய்கள், துரத்தல், எல்லாம் உண்டு. துரத்தப்படுவது மிருகம் அல்ல, டாமியின் மகன் டர்ல் என்ற அடிமை. பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் பெண்ணைப் பார்க்க அவன் ஓடிப்போய்விடுவான்; இவர்கள் நாய்களோடு பிடிக்கப் போவார்கள். பையனுக்கு அது கொண்டாட்டம். நமக்கும்தான். துரத்தப்பட்டவன் துரத்துகிறவர்களுக்கே தம்பி முறை என்பது நூறு பக்கங்களுக்கு மேல் தாண்டிய பிறகு பேரேட்டில் வெளிப்படும்போது, நாம் சிரித்த சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது.

ஃபாக்னர் அந்த ஒன்பது வயதுப் பையனை அழவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாம் அவனோடு சேர்ந்து அழுது, அடிமை முறை கொடியது என்று முன்பே தெரிந்த ஒன்றை மறுபடி தெரிந்துகொண்டு, சுத்தமாக வெளியே வந்திருப்போம். அவன் சிரிக்கிறான். அதனால் நாமும் வேட்டையில் பங்காளி ஆகிறோம். குழந்தையின் கண் அங்கே சாட்சிக் கூண்டில் நிற்கவில்லை. குற்றத்துக்கு உள்ளே நிற்கிறது. அதுதான் நேர்மை.

ஐஸக் தன் பங்கு நிலத்தை வேண்டாம் என்று விட்டுவிடுகிறான். அதோடு முடித்திருந்தால் அதுவும் கொஞ்சம் உயர்ந்த ரகத்துக் கண்ணீராகவே ஆகியிருக்கும். ஃபாக்னர் விடவில்லை. 'டெல்டா ஆட்டம்' பகுதியில் கிழவனாகிவிட்ட ஐஸக்கின் வேட்டைக் கூடாரத்துக்கு ஒரு பெண் கைக்குழந்தையோடு வருகிறாள். அவன் உறவுக்காரன் ஒருவன் அவளுக்குக் கொடுத்த குழந்தை. அவள் டர்லின் வம்சம் என்று தெரிந்ததும் கிழவன் அதிர்ந்து போகிறான். வடக்கே போய் உன் இனத்தில் யாரையாவது கட்டிக்கொள் என்கிறான். அன்பைப் பற்றி நீ அறிந்திருந்ததெல்லாம் இவ்வளவு நாள் வாழ்ந்ததில் மறந்துபோயிற்றா என்கிற மாதிரி அவள் கேட்டுவிட்டுப் போகிறாள். போகும்போது கிழவன் அந்தக் குழந்தைக்கென்று கொடுப்பது ஒரு வேட்டைக்கொம்பு. நிலத்தைத் துறக்க முடிந்தவனால் குழந்தையை ஏற்க முடியவில்லை; கொம்பை மட்டும் கொடுக்க முடிகிறது. அவள் போன பிறகு வெளியே மான் ஒன்று விழுந்த செய்தி வருகிறது. அது பெட்டை மான் என்பது கிழவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிகிறது.

முகத்தில் பூசிய ரத்தம் ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்று ஃபாக்னர் நம்பவில்லை. ரத்தத்தைப் பார்த்து அழுவதும் ஆக்கிவிடாது என்பது இதனுடைய மறுபக்கம்.

5

இதற்காக மிஸிஸிப்பி வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை. சேக்கிழார் இருக்கிறார்.

திண்ணனின் முதல் வேட்டையைக் கன்னிவேட்டை என்பது வழக்கம். உடுப்பூர் வேடர் தலைவன் நாகன் கிழடாகிவிட்டான். பதினாறு வயது மகனிடம் தலைமையைக் கொடுக்கிறான். தேவராட்டி வந்து வாழ்த்துகிறாள். திண்ணன் காட்டுக்குள் போகிறான். ஓடிப்போன பன்றி ஒன்றை நாணனும் காடனும் கூடவர வெகுதூரம் துரத்திக் கொல்கிறான். அந்தத் தூரம்தான் அவனைக் காளத்தி மலையில் கொண்டு சேர்க்கிறது. அதற்குப் பிறகு அவன் வீடு திரும்பவே இல்லை.

இதைப் பக்தியின் வெற்றியாகப் படித்துப் படித்து, நாகன் பக்கத்திலிருந்து இது என்ன என்று கேட்க மறந்துவிட்டோம். மகனை முதல் வேட்டைக்கு அனுப்பிய தகப்பன் மகனை இழக்கிறான். செய்தி கேட்டுத் தேவராட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து என்னென்னவோ சொல்லிப் பார்க்கிறான்; முடியவில்லை; திரும்பிப் போகிறான். பரம்பரைத் தொழிலை ஒப்படைக்கும் சடங்கு, ஒப்படைத்தவனுக்கே எதிராகத் திரும்பிவிடுகிறது. குழந்தையைக் காட்டுக்குக் கூட்டிப் போகலாம். அங்கே அவன் எதைக் காண்பான் என்பது கூட்டிப் போனவன் கையில் இல்லை.

ஆனால் திண்ணன் வேட்டையை வெறுத்து விலகியவன் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வேட்டையைப் பாடும்போதே, வேடர்கள் யானைக்கன்றைத் தொடர்வதில்லை, குட்டிகளைக் கொல்வதில்லை, சினைப்பட்ட பிணையை அலைக்கழிப்பதில்லை என்று சேக்கிழார் சொல்லிக்கொண்டு போகிறார். கருணை வெளியே இருந்து ஒரு கண்ணீராக வந்து சேரவில்லை. தொழிலின் வரம்பாக அங்கேயே இருக்கிறது. பிறகு திண்ணன் செய்யும் பூசை வேடனுடைய பூசை. எது நல்ல இறைச்சி என்று நாக்கில் வைத்துப் பார்த்துத் தேர்வது, வாயில் நீர் கொண்டு வருவது, ராத்திரி முழுக்க வில்லோடு காவல் நிற்பது. கடைசியில், ஊனுக்கு ஊன் மருந்து என்ற அறிவும் அம்பும் சேர்ந்து அவன் கண்ணையே தோண்டுகின்றன. முதல் வேட்டைக்கு எடுத்த அம்பின் கடைசி இலக்கு வேட்டைக்காரனேதான். எல்லாம் ஆறு நாளில்.

திண்ணன் குழந்தையாக இருந்தபோது அழுகிற ஒரு கட்டத்தையும் சேக்கிழார் வைத்திருக்கிறார். பார்வைப் புலி ஒன்றின் திறந்த வாயைக் குகை என்று நினைத்துக் குழந்தை கையை நீட்டுகிறது. தகப்பன் பதறி, தழையை எடுத்து ஓங்குகிறான். குழந்தைக்குக் கண்ணீர் மல்குகிறது. தாய் முத்தமிட்டு மாற்றுகிறாள். புலிக்கு அழவில்லை, அப்பா தழையை ஓங்கியதற்கு அழுகிறது. குழந்தையை அறிந்தவனுக்குத்தான் இது எழுத வரும். பின்னால் தோண்டப்படப் போகும் அந்தக் கண்ணை முதன்முதலாக அங்கே நனைத்துக் காட்டிவிட்டு, அதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லாமல் அவர் மேலே போகிறார்.

இன்னும் முன்னே போனால் புறநானூற்றின் 324ஆம் பாட்டு, ஆலத்தூர் கிழார் பாடியது. வேட்டுவச் சிறுவர்கள் வருகிறார்கள். காட்டுப் பூனை மாதிரி மருண்ட பார்வை. பறவையிறைச்சி தின்று புலால் நாறும் வாய். உடைமுள்ளை மெல்லிய புல் தண்டில் செருகி அம்பு, வளாரை வளைத்து வில். பருத்தி வேலி ஓரத்தில் எலியைக் குறிபார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களை யாரும் கூட்டிப் போகவில்லை. பாடமும் இல்லை, சடங்கும் இல்லை. கவிஞர் அவர்களைப் பார்த்து இரங்கவில்லை, ரசிக்கவும் இல்லை, அவர்களுக்குள் புகுந்துகொண்டு பேசவும் இல்லை. வாய் நாறுகிறது என்று எழுதியிருக்கிறார். நம்மில் யார் ஒரு குழந்தையைப் பற்றி அப்படி ஒரு வரி எழுதியிருக்கிறோம்? அந்த உடைமுள் எனக்குத் தெரியும். செருப்பில்லாத காலில் அன்று தைத்தது அதுதான்.

6

மறுபடியும் பார்வை மானுக்கு வருகிறேன். 320ஆம் பாட்டு, வீரை வெளியனார் பாடியது. குடிசை முற்றத்தில் கொடி படர்ந்த நிழலில் வேட்டுவன் அசந்து தூங்குகிறான். அவன் கட்டி வைத்திருக்கும் பார்வைப் பெண்மானோடு காட்டுக் கலை ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. மனைவி அதைப் பார்த்துவிடுகிறாள். அசைந்தால் கணவன் விழித்துவிடுவான். கலைமான் பிணையை விட்டு ஓடிவிடும். இரண்டுக்கும் பயந்து அவள் அப்படியே நிற்கிறாள். மான்தோலில் காயப்போட்டிருந்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து தின்றுகொண்டிருக்கின்றன. அதையும் அவள் விரட்டவில்லை.

அவள் மான் தின்கிறவள். தினை காய்வது மான்தோலில். அவளிடம் கண்ணீர் இல்லை. ஆனால் ஒரு வேளைச் சோற்றைப் பறவைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அசையாமல் நிற்கிறாள். வேட்டுவன் தூங்குகிற அந்தச் சிறுபொழுதில் பார்வை மான் வெறும் மானாகிவிடுகிறது. அது இனி யாரையும் பிடிக்கப் போவதில்லை.

கதை எழுதுகிற நண்பரிடம் நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது. உங்கள் பையனைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள். அவன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம். ஒருவேளை அவன் உண்மையிலேயே அழலாம். அழுகிற குழந்தைகள் இருக்கிறார்கள். அப்படியானால் எதற்கு அழுகிறான் என்பது உங்களுக்கே தெரியாத ஒன்றாக இருக்கும். ஒருவேளை தழைக்கு அழுவானாயிருக்கும்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வருஷம் சிவராத்திரிக்கு மாமா போன் செய்தார். அவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. "பயலக் கூட்டிட்டு வா மாப்ள. ஒங்கூட வந்த மாதிரி அவன்கூடவும் ஒரு தடவ போயிட்டு வந்துர்றேன்" என்றார். என் மகனுக்கு ஏழு வயது. வனத்துறைக்காரர்கள் பிடித்தால் அபராதம், வழக்கு, எனக்கு வேலைக்கே ஆபத்து என்றெல்லாம் சொல்லித் தப்பித்தேன். சொன்னதெல்லாம் உண்மை. சட்டம் சரி என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கரட்டில் மிஞ்சியிருக்கும் முயல்கள் மிஞ்சியே இருக்கட்டும். ஆனால் மாமா போனை வைத்த விதத்தில், நான் வேறு எதையோ மறுத்துவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டது தெரிந்தது. நாகனுடைய முகத்தைச் சேக்கிழார் ஏன் அதிகம் காட்டவில்லை என்று அன்றைக்கு யோசித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மகன், என்ன வேட்டை என்று கேட்டான். பதினைந்து வருஷத்துக்கு முன்பு அச்சிட்ட கதை அலமாரியில்தான் இருந்தது. அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். செருப்பு போனது, நான் கத்தியது, சிரித்தது, தெருவில் மெதுவாக நடந்தது, இன்னொரு துண்டு கேட்டது, எல்லாம். காது விறைத்ததையும் கை மாற்றிக்கொண்டதையும் சொன்னேன். அவன் அழவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. செருப்பு திரும்பக் கிடைத்ததா என்று கேட்டான். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, விளையாடப் போனவன் வாசலில் நின்று திரும்பி, "ஏம்ப்பா கை மாத்துன?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வரியைத்தான் நான் அடித்திருந்தேன்.